'தோட்டம்' ஏன் இரண்டானது? கோப்புப் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் எண்கள்



ஒரு சின்னச் சோதனை. உங்கள் கணினியில் ஏதாவது ஒரு கோப்புறையைத் திறந்து, அதற்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை வைக்க முயன்று பாருங்கள். கணினி விடாது. "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது" என்று சொல்லிவிடும். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே எண்ணைக் கொடுக்க முடியாதல்லவா? அதுபோலத்தான்.

ஆனால், சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஒரே கோப்புறைக்குள் 'தோட்டம் 12' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து இருந்தன. எழுத்துப் பிழை இல்லை. இடைவெளி வேறுபாடும் இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினி மட்டும் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே பார்த்தது. அது எப்படி? இந்த வாரம் அந்தப் புதிரை அவிழ்ப்போம்.

பெயரே குறிப்பு

நான் வேலை செய்வது ரஹாங்கில். சிரம்பான் நகரை ஒட்டிய பகுதி. நெகிரி செம்பிலானில் முன்பு ரப்பர் தோட்டங்களாக இருந்த இடங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன. அங்கே லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அந்தக் குடும்பங்களின் பழைய படங்களை எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழக மாணவர்கள் வருடி எடுத்துச் சேர்த்து வருகிறார்கள். தாத்தா பாட்டிகளின் பேச்சையும் பதிவு செய்கிறார்கள்.

ஒவ்வொரு கோப்புக்கும் மாணவர்கள் நீளமாகப் பெயர் வைத்தார்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, பிரட்டுக் களத்தில் இடமிருந்து வலமாக நிற்பவர்கள் யார் யார், எல்லாமே கோப்பின் பெயரில்தான். தனியாகக் குறிப்பேடு எதுவும் இல்லை. இது எவ்வளவு பெரிய தவறு என்பது அப்போது எனக்கும் தெரியவில்லை.

இவை எல்லாம் ஒரு பழைய ஆப்பிள் கணினியில் இணைத்த வன்தட்டில் இருந்தன. கணினி தள்ளாடத் தொடங்கியதும், லினக்ஸில் இயங்கும் ஒரு வலைச் சேமிப்புப் பெட்டிக்கு எல்லாவற்றையும் மாற்ற முடிவு செய்தோம். ஒரு பகுதியை மாணவர் ஒருவரின் விண்டோஸ் மடிக்கணினியிலிருந்து நகலெடுத்தோம். பிறகு முழுவதையும் ஆப்பிள் கணினியிலிருந்து 'ஆர்சிங்க்' என்ற நகலெடுக்கும் நிரல் வழியாக அனுப்பினோம். வேலை முடிந்து பார்த்தபோது மூன்று வகைச் சிக்கல்கள் காத்திருந்தன.

முதலாவது, சில கோப்புகள் இரட்டிப்பாகியிருந்தன. இரண்டாவது, சில கோப்புகள் வந்து சேரவே இல்லை. மூன்றாவது, சில கோப்புகளின் பெயர்கள் வெறும் அடிக்கோடுகளாக இருந்தன.

கணினிக்கு எழுத்து தெரியாது

இந்த மூன்றையும் புரிந்துகொள்ள ஓர் அடிப்படை உண்மை தேவை. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதற்குக் குறியாக்கம் என்று பெயர்.

அவற்றுள் மிகப் புகழ்பெற்றது 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி. அதில் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரையிலான எண்கள், நிறுத்தக்குறிகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ரோமன் எழுத்தில் எழுதும் மலாய்க்கும் அதுவே போதும். ரஹாங் என்ற ஊர்ப்பெயரை மலாயில் ரோமன் எழுத்தில் எழுதினால் 6 எழுத்து. கணினிக்குள் அது 82, 97, 104, 97, 110, 103 என்ற 6 எண்கள். அவ்வளவுதான்.

தமிழுக்கோ, சீனத்துக்கோ, ஜாவிக்கோ அந்த 128 இடங்களில் இடமே கிடையாது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 எண்களை எழுதலாம். ஆஸ்கி முதல் பாதியை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த மேல் பாதியில் ஒவ்வொரு மொழியினரும் தங்கள் எழுத்துகளை வைத்தார்கள். 1990களில் தமிழுக்கு ஒன்றல்ல, பல அட்டவணைகள் இருந்தன. ஒருவர் தட்டச்சு செய்த கடிதத்தை இன்னொருவர் படிக்க வேண்டுமானால், அதே எழுத்துரு அவரிடமும் இருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உழைத்தவர்களில் நம் நாட்டவரும் உண்டு. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே பேசிப் பேசி உருவாக்கிய பொது அட்டவணைதான் 'திஸ்கி'. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் 'டாம்', 'டாப்' என்ற வேறு இரண்டு அட்டவணைகள் முன்வைக்கப்பட்டன. 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பட்டது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது.

திஸ்கியில் 'தமிழ்' என்ற சொல் 190, 193, 162, 250 என்ற நான்கு எண்கள். இதை மேற்கு ஐரோப்பிய அட்டவணை வைத்திருக்கும் கணினியில் திறந்தால் என்ன தெரியும்? முக்கால் பின்னக் குறி, தலையில் கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் நாணயக் குறி, தலையில் கோடு போட்ட சின்ன யூ. நான்கு கிறுக்கல்கள்! எண்கள் மாறவில்லை. படிக்கும் அட்டவணைதான் மாறியது.

இப்படிச் சிதைந்து தெரியும் எழுத்துக்கு ஜப்பானியர் 'மொஜிபாகே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் அவர்களும் பட்டிருக்கிறார்கள்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண்

தீர்வு என்ன? உலகின் எல்லா மொழிகளுக்கும் ஒரே அட்டவணை. அதுதான் ஒருங்குறி, அதாவது யூனிகோட். அதன் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 'த' என்றால் 2980. 'ம' என்றால் 2990. சிரம்பானிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அதே எண்தான்.

2980 என்ற எண் ஒரு பைட்டுக்குள் அடங்காது. அதைப் பைட்டுகளாகப் பிரித்து எழுதும் முறைகளுள் இன்று அதிகம் புழங்குவது யூடிஎஃப்-8. 1992 செப்டம்பரில் கென் தாம்சன், ராப் பைக் என்ற இரு அறிவியலாளர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் இரவு உணவுக்குப் போனபோது, மேசை மேல் விரித்த தாளில் வரைந்து உருவாக்கியது அது.

யூடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட் வேண்டும். 'த' என்பது 224, 174, 164. 'ம' என்பது 224, 174, 174. தமிழ்க் குறிகள் எல்லாம் 224இல்தான் தொடங்கும். அடுத்த எண் 174 அல்லது 175. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியெண்கள். ஆகவே 15 பைட்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி இலவசமாகத் தருகிறது. அதன் தொடக்க கால நூல்கள் திஸ்கியில் இருந்தன. பிறகு அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. எண்ணுக்கு எண் மாற்றிப்போட்டால் போதாது. ஏன் தெரியுமா? 'தோ' என்று எழுதும்போது நாம் முதலில் கொம்பு போட்டு, பிறகு 'த', பிறகு கால் எழுதுகிறோம். திஸ்கி அந்த வரிசையிலேயே மூன்றாகச் சேமித்தது. ஒருங்குறி நாம் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. முதலில் 'த', அதன் பிறகே உயிர்க்குறி. மாற்றும் நிரலுக்கு இந்த இடமாற்றமும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்வது ஒருங்குறியில்தான். அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் புதிர்: கொம்பும் காலும்

இரட்டிப்பான கோப்புகளுக்குத் திரும்புவோம். எல்லாக் கோப்புகளும் இரட்டிப்பாகவில்லை என்பதுதான் முதல் துப்பு. மாணவர்கள் வெண்பலகையில் இரண்டு பட்டியல்கள் எழுதினார்கள்.

இரட்டிப்பானவை: தோட்டம், கோயில், பொங்கல், கொட்டகை.

ஒற்றையாக இருந்தவை: பள்ளி, தமிழ், பால்மரம், செம்பனை.

சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த படிவம் 4 மாணவி ஒருத்தி, "டீச்சர், இரட்டிப்பானது எல்லாத்திலயும் கொம்பும் இருக்கு, காலும் இருக்கு" என்றாள்.

நல்ல கருதுகோள். அதைச் சோதிக்க இரண்டாவது பட்டியலே போதும். 'செம்பனை'யில் கொம்பு மட்டும் உண்டு, துணைக்கால் இல்லை. இரட்டிக்கவில்லை. 'பால்மரம்' என்பதில் துணைக்கால் மட்டும் உண்டு, கொம்பு இல்லை. அதுவும் இரட்டிக்கவில்லை. ஓர் உயிர்மெய்யில் இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல். அறிவியல் பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்போமே, அதே முறைதான் இங்கேயும் கைகொடுத்தது.

காரணம் இதுதான். ஓகாரக் குறிக்கு ஒருங்குறியில் 3019 என்ற தனி எண் உண்டு. ஆனால் அதே குறியை இரட்டைக்கொம்பு 3015, துணைக்கால் 3006 என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று ஒருங்குறியின் விதியே சொல்கிறது. திரையிலும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒகாரக் குறிக்கும் அப்படியே: 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், 3014, 3006 என்று இரண்டாகவும் எழுதலாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 'தோட்டம்' என்பதைச் சேர்த்து எழுதினால் 7 குறியெண்கள், 21 பைட். பிரித்து எழுதினால் 8 குறியெண்கள், 24 பைட். கண்ணுக்கு ஒரே சொல். கணினிக்கு 21 பைட் கொண்ட ஒரு பெயர், 24 பைட் கொண்ட இன்னொரு பெயர்.

யார் பிரித்தது? விண்டோஸ், தட்டச்சு செய்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். தமிழ் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்ந்த வடிவத்தையே தரும். ஆப்பிள் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த 'எச்எஃப்எஸ் பிளஸ்' என்ற கோப்பு முறை வேறு மாதிரி. ஒரே பெயர் இரண்டு வடிவங்களில் வந்து குழப்பக் கூடாது என்பதற்காக, எல்லாப் பெயர்களையும் பிரித்த வடிவத்துக்கு மாற்றியே சேமிக்கும். 2017இல் வந்த 'ஏபிஎஃப்எஸ்' என்ற புதிய முறையில் இந்தக் கட்டாய மாற்றம் கைவிடப்பட்டது. எங்களிடம் இருந்ததோ பழைய வன்தட்டு.

லினக்ஸ் இந்த விஷயத்தில் தலையிடுவதே இல்லை. கோப்புப் பெயர் அதற்கு வெறும் பைட் வரிசை. 0, 47 ஆகிய இரண்டு எண்களைத் தவிர வேறு எதையும் அது மறுப்பதில்லை. 47 என்பது கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோடு. ஆகவே விண்டோஸிலிருந்து வந்த 21 பைட் 'தோட்டம்' ஒரு கோப்பாகவும், ஆப்பிளிலிருந்து வந்த 24 பைட் 'தோட்டம்' இன்னொரு கோப்பாகவும் பெட்டிக்குள் அமர்ந்துவிட்டன.

விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் மூன்றும் தத்தம் விதிப்படி சரியாகத்தான் வேலை செய்தன. மூன்றையும் இணைத்த இடத்தில்தான் பிழை பிறந்தது. இது நமக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை. ஆப்பிள் கணினியிலிருந்து வரும் கொரிய மொழிக் கோப்புப் பெயர்கள் விண்டோஸில் எழுத்து எழுத்தாகப் பிரிந்து கிடப்பதைக் கொரியர்கள் நன்றாக அறிவார்கள்.

இரட்டிப்பு ஆனால் இடம்தானே வீணாகும் என்று தோன்றலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பல காப்பு நகல் நிரல்களில் 'கண்ணாடி' முறை ஒன்று உண்டு. மூலத்தில் இல்லாத கோப்பு நகலில் இருந்தால், அதை அழித்துவிடும். பெயர் ஒரே பைட் வரிசையில் இல்லையென்றால், நிரலைப் பொறுத்தவரை அது மூலத்தில் இல்லாத கோப்பு. அந்தப் பெயரில் இருப்பது ஒரே பிரதியாக இருந்தால் அதுவும் போய்விடும். நாங்கள் அந்த முறையை இயக்கவில்லை. அது கவனத்தால் அன்று, அதிர்ஷ்டத்தால்.

இரண்டாவது புதிர்: வந்து சேராத கோப்புகள்

வராத கோப்புகளைப் பட்டியலிட்டபோது ஒரு பொதுத்தன்மை தெரிந்தது. எல்லாமே மிக நீளமான பெயர்கள். படத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரின் பெயர்களையும் கோப்புப் பெயரிலேயே எழுதியவை.

லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் 'இஎக்ஸ்டி4' கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. விண்டோஸிலும் பழைய ஆப்பிள் முறையிலும் வரம்பு 255தான். ஆனால் அவை எண்ணுவது பைட்டை இல்லை, 16 பிட் அலகுகளை. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் அங்கே ஓர் அலகு. லினக்ஸில் 3 பைட்.

கணக்கைப் போடுங்கள். 255ஐ 3ஆல் வகுத்தால் 85. ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுதலாம் என்றால் தமிழில் 85 குறியெண்கள்தான். 100 குறியெண்கள் கொண்ட ஒரு தமிழ்ப் பெயர் ஆப்பிளில் வசதியாக இருக்கும். லினக்ஸில் அது 300 பைட். பெட்டி அதை ஏற்காது. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதையும் மறக்காதீர்கள்.

நகலெடுக்கும் நிரல் இதைப் பிழைச் செய்தியாகச் சொல்லத்தான் செய்தது. திரையில் ஓடிய ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே நாங்கள்தான் கவனிக்கவில்லை. நல்ல வேளையாக, பழைய வன்தட்டு இன்னும் உயிரோடு இருந்தது.

மூன்றாவது புதிர்: அடிக்கோடுகள்

மூன்றாவது வகைதான் வலித்தது. ஒரு கோப்புறையில் இருந்த படங்களின் பெயர்கள் எல்லாம் இப்படி இருந்தன: வரிசையாக அடிக்கோடுகள், நடுவில் '1968', மறுபடியும் அடிக்கோடுகள்.

ஆராய்ந்ததில் இது இந்த மாற்றத்தில் நடந்ததே இல்லை என்று தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய நிரல் அவற்றைக் குறுவட்டில் பதிந்தபோதே நடந்துவிட்டது. அந்த நிரலின் அட்டவணையில் தமிழ் இல்லை. தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஓர் அடிக்கோட்டைப் போட்டுவிட்டது. சில நிரல்கள் கேள்விக்குறி போடும். விளைவு ஒன்றே. 1968 மட்டும் ஏன் தப்பியது? எண்கள் ஆஸ்கி அட்டவணையிலேயே இருப்பவை. எல்லா நிரலுக்கும் தெரிந்தவை.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் மையக் கருத்து இருக்கிறது. கிறுக்கலாகத் தெரியும் பெயரும் அடிக்கோடாக மாறிய பெயரும் ஒன்றல்ல.

கிறுக்கலாகத் தெரிவதில் எண்கள் பத்திரமாக இருக்கின்றன. தவறான அட்டவணையால் படிக்கிறோம், அவ்வளவுதான். சரியான அட்டவணையைக் கண்டுபிடித்தால் பெயர் முழுவதும் திரும்பி வரும். யூடிஎஃப்-8 தமிழை மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் திறந்தால் தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்ற குறி, இவை திரும்பத் திரும்ப வரும். அவை 224, 174 ஆகிய எண்களின் முகங்கள். அதைக் கண்டால் பயப்படாதீர்கள். உள்ளே தமிழ் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

அடிக்கோடு அப்படி இல்லை. 'அ' என்றாலும் அடிக்கோடு, 'ழ' என்றாலும் அடிக்கோடு. வெவ்வேறு எண்கள் எல்லாம் ஒரே எண்ணாகிவிட்டன. திரும்பிப் போக வழியே இல்லை. எந்த மென்பொருளாலும் முடியாது.

அந்தக் கோப்புறையில் ஒரு பிரட்டுக் களப் படம் இருக்கிறது. விடியற்காலை, தலையில் துணி கட்டிய பெண்கள், கையில் வாளி. படம் அத்தனை தெளிவு. யார் எவர் என்று எங்களுக்குச் சொல்லியிருந்த பாட்டி இப்போது இல்லை. அவர் சொன்ன பெயர்கள் கோப்பின் பெயரில் மட்டும் இருந்தன. இன்று அந்தப் படத்தில் நிற்பவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: 1968. வேறு யாராவது அடையாளம் சொல்வார்களா என்று மாணவர்கள் அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு வருகிறார்கள்.

நாங்கள் செய்தது, நீங்கள் செய்ய வேண்டியது

முதலில், பழைய வன்தட்டில் எதையும் தொடவில்லை. படிக்க மட்டும் முடியும்படி பூட்டிவிட்டோம். புதிய இடத்தில் எல்லாம் சரியாகும் வரை பழையதை அழிக்கக் கூடாது. கிறுக்கலாகத் தெரிகிறது என்று பெயரை அவசரமாக மாற்றவும் கூடாது. மாற்றினால் அந்த எண்களும் போய்விடும்.

இரண்டாவதாக, எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். ஒருங்குறியில் இதற்கு முறைப்படியான விதிகள் உண்டு. ஆர்சிங்க் நிரலிலேயே அனுப்பும்போது பெயர்களை மாற்றும் வசதி இருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் இரட்டிப்பே நடந்திருக்காது.

மூன்றாவதாக, இரட்டைகளில் ஒன்றை அழிக்கும் முன் உள்ளடக்கம் ஒன்றுதானா என்று பார்த்தோம். அதற்கு 'ஷா-256' என்ற கணக்கீடு உதவியது. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அது 256 பிட் நீளமான ஒரு கைரேகையைத் தரும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். கோப்பின் பெயரை மாற்றினால் மாறாது. இரண்டு கைரேகைகளும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றை நீக்கினோம்.

நான்காவதாக, விதிகளால் தீராத சில பெயர்களைக் கையால் திருத்தினோம். 'ஸ்ரீ மாரியம்மன் கோயில்' என்பதில் உள்ள ஸ்ரீயை 'ஸ' என்ற 3000ஆம் எண்ணில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த 'ஶ' என்ற 2998ஆம் எண்ணில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் ஒருங்குறி விதிப்படி இவை சமம் இல்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் 'ள'கரமும் சேர்த்துத் தட்டச்சு செய்வதும் அப்படித்தான். இவற்றைப் பிடிக்கத் தமிழ் தெரிந்த கண் வேண்டும்.

ஐந்தாவதாக, கோப்புப் பெயர்களைச் சுருக்கினோம். ஆண்டும் வரிசை எண்ணும் மட்டும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களும் மற்ற விவரங்களும் யூடிஎஃப்-8இல் சேமித்த ஒரு பட்டியலுக்குப் போயின. அந்தப் பட்டியலைத் தாளில் அச்சிட்டும் வைத்திருக்கிறோம். தாளுக்குக் குறியாக்கச் சிக்கல் கிடையாது!

கடைசியாக, மாற்றுவதற்கு முன் சோதனை. இனி எதை மாற்றினாலும், கொம்பு, கால், ஔகாரம், ஸ்ரீ, மிக நீளமான பெயர் என வேண்டுமென்றே தொல்லை தரும் பத்துப் பெயர்களைக் கொண்ட ஒரு சோதனைக் கோப்புறையை முதலில் அனுப்பிப் பார்ப்போம். போன கோப்புகளின் எண்ணிக்கையையும் வந்த எண்ணிக்கையையும் ஒப்பிடுவோம். பிறகு காப்பு நகலிலிருந்து ஒன்றிரண்டை மீட்டு, திறந்து பார்ப்போம். திறந்து பார்க்காத காப்பு நகலை நம்ப முடியாது.

உங்கள் முறை

வீட்டில் செய்து பாருங்கள். 'பொங்கல்' என்ற சொல்லைச் சேர்ந்த வடிவத்தில் எழுதினால் எத்தனை குறியெண்கள், யூடிஎஃப்-8இல் எத்தனை பைட்? பிரித்த வடிவத்தில் எத்தனை? பிறகு உங்கள் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து உண்டா? இருந்தால் கணினிக்குள் உங்கள் பெயருக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ('பொங்கல்' கணக்கின் விடை: 7 குறியெண்கள், 21 பைட், பிரித்தால் 8, 24 பைட்.)

இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் கைப்பேசியிலோ விரலியிலோ தாத்தா பாட்டி படங்கள் இருக்கும். அவற்றில் யார் எவர் என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கோப்பின் பெயரில் மட்டுமா, வீட்டில் ஒருவரின் நினைவில் மட்டுமா? இந்த வார இறுதியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் பிரட்டுக் களப் படத்துக்கு நேர்ந்தது உங்கள் வீட்டுப் படத்துக்கு நேர வேண்டாம்.